"துவேஷி" யார்? – தாதியஸ் ஸ்டீவன்ஸின் சரித்திரம்

உலகத்தில் எவனாவது ஒருவன், "இவன் மட்டும் மேலே இருப்பதற்கும் அவன் மட்டும் கீழே கிடப்பதற்கும் என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டால், அந்தக் கேள்விக்கு யோக்கியமாகப் பதில் சொல்ல வருகின்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பதில் சொல்லுவதற்குப் பதிலாகக் கேட்டவனுக்கு ஒரு பட்டம் சூட்டிவிட்டுப் போய்விடுகின்றார்கள். அந்தப் பட்டந்தான் "துவேஷி" என்பது. கீழே கிடப்பவனின் கழுத்தில் காலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பவன் துவேஷி அல்லவாம். "காலை எடு" என்று சொல்லுகின்றவன்தான் துவேஷியாம்!

இந்த அகராதி நம் நாட்டில் மாத்திரம் அச்சிடப்பட்டது என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவிலும் இதே அகராதிதான் வழங்கி வந்தது. அதன்படி சாகும் வரையிலும், செத்த பிறகு சுமார் நூறு வருஷ காலமும் துவேஷி என்றும், வெறியன் என்றும், பழிவாங்கும் பேய் என்றும் தூற்றப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். அவர் பெயர் தாதியஸ் ஸ்டீவன்ஸ்.

ஆபிரகாம் லிங்கன் பெயரை அறியாதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளையும் அடிமைகளை விடுவித்தவர் லிங்கன் என்று ஒப்பிக்கும். லிங்கனுடைய பெருமையில் ஒரு குன்றுமணியையும் குறைக்க நாம் வரவில்லை. ஆனால் லிங்கன் நடக்கத் தயங்கிய இடத்தில் முன்னே நடந்து, லிங்கன் செத்த பிறகும் அந்த வேலையை விடாமல் இழுத்துக்கொண்டு போன இந்த நொண்டிக் கிழவரின் பெயர் மாத்திரம் நமக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்கின்றோம். கதையைக் கேட்டால் காரணம் தானாகவே விளங்கும்.

அடிமை முறையும் வேதமும்

1860-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமை என்றால் கூலி குறைந்த வேலைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. தாயை ஒருவனுக்கும் பிள்ளையை மற்றொருவனுக்கும் ஏலம் கூறி விற்கலாம். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது தென்னாட்டின் பல மாகாணங்களில் குற்றம். அந்நாட்டு அரசியல் சட்டமோ, தொகுதி ஸ்தானங்களைப் பங்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டது. ஓட்டுப் போடுவதற்காக அல்ல. அவனுடைய எஜமானனுக்குச் சட்டசபையில் அதிக ஸ்தானம் கிடைப்பதற்காக!

இந்த அக்கிரமத்துக்குக் காவல் நின்றது எது? சவுக்கும் துப்பாக்கியும் மாத்திரந்தானா? இல்லை, வேதமும் நின்றது. நோவா என்பவர் தம் பேரன் கானானைச் சபித்தார் என்று ஒரு கதை. அந்தச் சாபத்தின் வாரிசுகள்தான் கறுப்பர்கள் என்று ஒரு வியாக்கியானம். பவுல் என்பவர் ஓடிவந்த ஓர் அடிமையை எஜமானனிடமே திருப்பி அனுப்பினார் என்று ஒரு நிருபம்; ஆகவே அடிமை ஓடுவது பாவம் என்று ஒரு பிரசங்கம். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தப் புரட்டு ஒன்றும் புதிதாகத் தோன்றாது. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடிமை முறையை எதிர்த்த பாதிரிகளும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒரே புஸ்தகம் சாட்சி சொல்லுமானால், அந்தச் சாட்சியின் யோக்கியதை என்ன என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இளமை

ஸ்டீவன்ஸ் 1792-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி வெர்மாண்ட் மாகாணத்தில் டான்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் கோணல். தகப்பன் செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டவர். நான்கு ஆண் பிள்ளைகளையும் தாய் சாரா என்ற அம்மாள்தான் பாடுபட்டு வளர்த்தார். ஊனத்தைத் தெய்வ தண்டனை என்று எண்ணிய ஜனங்கள் நிறைந்த காலம் அது. அந்தத் தாயோ, ஓடியாட முடியாத பிள்ளை படிக்கட்டும் என்று தீர்மானித்து, பள்ளிக்கூடத்துக்காகவே பீச்சம் என்ற ஊருக்குக் குடிபோனார். ஒரு தெய்வமும் செய்யாத காரியத்தை ஓர் ஏழைத் தாய் செய்தார். பிள்ளை டார்ட்மத் கலாசாலையில் 1814-ல் தேறி, பென்சில்வேனியா மாகாணத்துக்குப் போய், 1816-ல் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் வக்கீல் தொழில் துவக்கினார்.

இங்கே ஒரு குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 1821-ல் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பு மாது, தான் பென்சில்வேனியாவில் சட்டத்தில் கண்ட ஆறு மாத காலம் இருந்துவிட்டபடியால் தனக்கு விடுதலை உண்டு என்று வழக்காடினார். அவருக்கு எதிராக, எஜமானன் பக்கத்தில் நின்று, அந்த ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருந்ததல்ல என்று வாதாடி ஜெயித்த வக்கீல் யார் தெரியுமா? இந்த ஸ்டீவன்ஸ்தான்! அந்தத் தாயும் பிள்ளைகளும் மறுபடியும் அடிமைத்தனத்துக்கே போனார்கள். இதை நாம் ஏன் எழுதுகின்றோமென்றால், நாம் புராணம் எழுத உட்காரவில்லை. பிறக்கும்போதே நெற்றியில் ஒளிவட்டத்தோடு பிறந்த அவதாரம் எவனும் இல்லை. மனிதன் தவறு செய்வான். புத்தியுள்ளவன் அதை உணர்ந்து திரும்புவான். ஸ்டீவன்ஸ் திரும்பினார். திரும்பியவர் சாகும் வரை பிறகு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

பள்ளிக்கூடத்துக்காக ஒரு சண்டை

பென்சில்வேனியாவில் 1809-ம் வருஷச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகள் சர்க்கார் செலவில் படிக்கலாம். ஆனால் அதற்குப் பெற்றோர்கள் தங்களைப் பரம ஏழைகள் என்று ஊரறியப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதாவது படிப்பு வேண்டுமானால் மானத்தை விற்க வேண்டும்! மானமுள்ள ஏழைகள் பலர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். 1834-ல் இதை மாற்றி, ஏழை பணக்காரன் என்ற பேதமின்றிப் பொது வரியைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்று ஒரு சட்டம் வந்தது. வந்தவுடனே, "ஊரான் பிள்ளைக்கு நான் ஏன் வரி கொடுக்க வேண்டும்?" என்ற கூச்சல் கிளம்பிற்று. சட்டத்தை ரத்து செய்யக் கோரி மனுக்கள் குவிந்தன. மேல்சபை பயந்துபோய் ரத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டது.

1835 ஏப்ரலில் கீழ்ச்சபையில் இந்த விஷயம் வந்தபோது ஸ்டீவன்ஸ் எழுந்தார். ஏழை என்ற முத்திரையைக் குத்திப் படிப்பைக் கொடுப்பது தர்மமல்ல, அவமானம் என்றார். தன் பிள்ளை திருடவே மாட்டான் என்கின்றவனும் ஜெயிலுக்காக வரி கொடுக்கும்போது, ஜெயிலைக் காலியாக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரி கொடுக்க ஏன் அழுகின்றான் என்ற கருத்தை எடுத்துக் காட்டினார். ஓட்டுப் போகுமே என்று நடுங்கிக்கொண்டிருந்த மெம்பர்கள் பேச்சு முடிந்ததும் மனம் மாறினார்கள். ரத்து மசோதா தோற்றது. பொதுப் பள்ளிக்கூடம் நிலைத்தது. அவர் வாழ்க்கையில் வேறொன்றும் செய்யாமலே இருந்திருந்தாலும், இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயர் நிற்கும்.

கையெழுத்துப் போட மறுத்தது

1837, 1838-ம் வருஷங்களில் அதே மாகாணத்துக்குப் புது அரசியல் சட்டம் செய்ய ஒரு மகாநாடு கூடிற்று. அதில் ஸ்டீவன்ஸும் ஓர் அங்கத்தினர். அந்த மகாநாட்டார் வெள்ளையனுக்கு மாத்திரமே ஓட்டு என்று எழுதி, அதுவரையில் சில இடங்களில் ஓட்டுப் போட்டுவந்த சுதந்திரக் கறுப்பர்களின் உரிமையையும் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டீவன்ஸ் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போட்டிருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. போடாததால் கறுப்பர்களின் ஓட்டுத் திரும்பிவிடவுமில்லை. ஆனாலும், மனிதனை மனிதன் தாழ்த்துகின்ற காகிதத்தில் என் பெயர் இருக்கக் கூடாது என்று ஒருவன் நினைப்பது இருக்கின்றதே, அதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.

பிறகு 1842-ல் லான்காஸ்டர் நகரத்துக்குக் குடிபோனார். 1849 முதல் நான்கு வருஷமும், மறுபடி 1859 முதல் சாகும் வரையிலும் வாஷிங்டனில் காங்கிரஸ் மெம்பராக இருந்தார். (காங்கிரஸ் என்பது அந்நாட்டுச் சட்டசபையின் பெயர், நம் ஊர்க் காங்கிரஸ் என்று வாசகர்கள் மயங்கிவிட வேண்டாம்.) 1850-ல் ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்க எல்லோரும் உதவ வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார்கள். அடுத்த வருஷம் லான்காஸ்டர் ஜில்லாவில் கிறிஸ்தியானா என்ற கிராமத்தில், அடிமைகளைப் பிடிக்க வந்த எஜமானன் ஒருவன் கைகலப்பில் மாண்டான். பிடிக்க உதவமாட்டேன் என்று சொன்ன வெள்ளைக்காரர் ஒருவர் மேல் ராஜத்துரோக வழக்கே போட்டார்கள். அவருக்காக ஆஜரான வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிகள் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாரிட்டி பட்லருக்கு இழைத்த தீங்குக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாதுதான். ஆனால் அந்த வக்கீல் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டார் என்பதை இது காட்டுகின்றது.

வீட்டுக்குள்ளே

மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்குள் ஜாதி காப்பாற்றுகின்றவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கின்றோம். ஸ்டீவன்ஸ் வீட்டில் எப்படி என்று பார்ப்போம். அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1840-களின் கடைசி முதல் சாகும் வரை அவர் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பு நிறத்து விதவை அம்மையார். கறுப்பு மக்களைக் கிழவன் கிழவியானாலும் பெயர் சொல்லி, "அடே", "அடி" என்ற தோரணையில் அழைப்பதே வழக்கமாயிருந்த அந்தக் காலத்தில், ஸ்டீவன்ஸ் அந்த அம்மையாரை "மிஸஸ் ஸ்மித்" என்றுதான் மரியாதையாக அழைத்துவந்தார். இருவரைப் பற்றியும் எதிரிப் பத்திரிகைகள் ஆபாசமாக எழுதின. அவர் அதற்காக அந்த அம்மையாரை வெளியேற்றிவிடவுமில்லை, மரியாதையைக் குறைத்துவிடவுமில்லை. உயிலில் வருஷம் 500 டாலர் அல்லது மொத்தமாக 5,000 டாலர், அவர் விருப்பப்படி, என்று எழுதி வைத்தார். அந்த அம்மையாரும் சாமர்த்தியசாலி; சொந்தச் சொத்து வாங்கித் தாமே தொழில் நடத்தி, தம் காலில் நின்று காட்டினார்.

யுத்தமும் சட்டமும்

1861-ல் அடிமை மாகாணங்கள் பிரிந்துபோய் யுத்தம் மூண்டது. ஸ்டீவன்ஸ் அப்போது பிரதிநிதிகள் சபையில் வரவு செலவுக் கமிட்டியின் தலைவர். யுத்தத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில். "ஐக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் யுத்தத்தின் நோக்கம், அடிமைப் பிரச்சனை பிறகு" என்று பெரிய மனிதர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடிமை முறையை ஒழிக்காமல் இந்த யுத்தம் முடியாது என்று ஆரம்பத்திலிருந்தே அடித்துச் சொன்னவர் இவர். 1863 ஜூனில் எதிரிப் படை பென்சில்வேனியாவுக்குள் வந்தபோது, கலிடோனியாவிலிருந்த இவருடைய இரும்பு ஆலையைத் தேடிப்போய்க் கொளுத்திற்று. அவருடைய கொள்கைக்காக எதிரிகள் வசூலித்த அபராதம் அது.

1863 ஜனவரியில் லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தார். 1865 ஜனவரி 31-ந் தேதி அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் 13-வது திருத்தம் 119-க்கு 56 என்ற ஓட்டில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. ஏப்ரலில் யுத்தம் முடிந்தது, லிங்கன் சுடப்பட்டார். உப ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதியானார்.

அடிமை முறை ஒழிந்ததென்று வடநாட்டார் பட்டாசு வெடித்து ஓய்வதற்குள் தென்னாட்டார் என்ன செய்தார்கள்? "கறுப்பர் சட்டங்கள்" என்று புதுச் சட்டங்கள் செய்தார்கள். மிசிசிப்பி மாகாணத்தில் ஒவ்வொரு கறுப்பனும் வருஷ ஆரம்பத்தில் யாரிடமாவது வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டதாகக் காகிதம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவன் நாடோடி, அபராதம், கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுகின்ற வெள்ளையனிடம் வேலை செய்ய வேண்டும். பட்டணத்துக்கு வெளியே அவன் நிலம் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. அடிமை என்ற பெயர் போயிற்று, சங்கிலி போகவில்லை! ஜனாதிபதி ஜான்சனோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கலகக்காரர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேற்று வரை நாட்டின் மேல் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்று மெம்பர்களாக வாஷிங்டனுக்கு வந்து இறங்கினார்கள்.

1865 டிசம்பரில் சபை கூடிற்று. குமாஸ்தா பெயர்களை வாசித்தார். தென்னாட்டு மெம்பர்களின் பெயர் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. ஸ்டீவன்ஸ் கூட்டத்தாரின் ஏற்பாடு அது. பிறந்தவர்கள் யாவரும் பிரஜைகள், சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்று சொல்லும் 14-வது திருத்தத்தை 1866-ல் நிறைவேற்றுவதில் இவர் முன் நின்றார். அதில் தாம் விரும்பியதெல்லாம் இல்லை என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆயினும் தாம் வாழ்வது மனிதர்களின் மத்தியிலேயன்றித் தேவதைகளின் மத்தியில் அல்ல என்றுணர்ந்து ஏற்றுக்கொள்ளுவதாகச் சொன்னார். அந்தக் குறையுள்ள திருத்தந்தான் 1868-ல் அமுலுக்கு வந்து, 1954-ல் பள்ளிக்கூடங்களில் வெள்ளை கறுப்பு என்று பிரிப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்க ஆதாரமாயிற்று. விதைத்தவர் செத்து 86 வருஷத்துக்குப் பிறகு அறுவடை!

நிலம் எங்கே?

இனி நாம் சொல்ல வந்ததில் முக்கியமான பாகம். சட்டத்தில் சமம் என்று எழுதிவிட்டால் வயிறு நிறைந்துவிடுமா? நிலம் அத்தனையும் பழைய எஜமானனிடம். உழைக்கும் கை மாத்திரம் பழைய அடிமையிடம். இப்படியிருந்தால் அவனுடைய ஓட்டும் பேச்சும் யாருடையதாயிருக்கும்? இதை அந்நாட்டு அரசியல்வாதிகளில் மிகத் தெளிவாகக் கண்டவர் ஸ்டீவன்ஸ். 1865 செப்டம்பரில் லான்காஸ்டரில் பேசும்போது ஒரு கணக்குக் காட்டினார். கலக மாகாணங்களில் மொத்தம் 46½ கோடி ஏக்கர் நிலம். மாகாண சர்க்கார்களின் நிலத்தையும் சேர்த்து அதில் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் சுமார் 70,000 பெரிய புள்ளிகள் கையில். இதைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஆண்மக்கள் சுமார் 10 லட்சம் பேருக்குத் தலைக்கு 40 ஏக்கர் கொடுத்தாலும் செலவாவது 4 கோடி ஏக்கர்தான். மீதியை விற்று யுத்தக் கடனைத் தீர்க்கலாம், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பென்ஷன் கொடுக்கலாம் என்றார். சிறிய குடியானவனின் நிலத்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

துவேஷி என்கின்றார்களே, அவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கட்டும். தோற்ற தலைவர்களைத் தூக்கில் போடு என்று ஊரெல்லாம் கூச்சலிட்ட காலத்தில், இந்தப் "பழிவாங்கும் பேய்" கேட்டது இரத்தத்தை அல்ல, நிலத்தை. அதுவும் தமக்காக அல்ல; இருநூறு வருஷத்துக்கு மேல் கூலியில்லாமல் அந்த நிலத்தை உழுதவனுக்காக.

நடந்தது என்ன? யுத்தத்தின் கடைசியில் ஷெர்மன் என்ற தளபதி 1865 ஜனவரியில் கடற்கரை ஓரத்து நிலத்தை 40 ஏக்கர் வீதம் கறுப்புக் குடும்பங்களுக்கு ஒதுக்கியிருந்தார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிரும் வைத்தார்கள். ஜான்சன் அந்த வருஷமே அதைப் பிடுங்கி மன்னிக்கப்பட்ட எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 1867 மார்ச்சில் ஸ்டீவன்ஸ் நில மசோதாவைச் சபையில் கொண்டுவந்தபோது அவர் கட்சிக்காரர்களே நழுவிவிட்டார்கள். மனிதனையே சொத்தாக வைத்திருந்தபோது கலங்காதவர்கள், நிலத்தைப் பற்றிப் பேசியவுடன் "சொத்துரிமை என்னாவது?" என்று கலங்கிவிட்டார்கள்!

அதன் பலனைக் கேளுங்கள். 1867-ம் வருஷத்து மறுசீரமைப்புச் சட்டங்களால் தென்னாட்டுக் கறுப்பர்களுக்கு ஓட்டு வந்தது. 1870-ல் ஒரு கறுப்பர் செனெட் சபையிலேயே உட்கார்ந்தார். ஆனால் நிலமில்லாததால் வாரத்துக்கு உழுது, கடைக்காரனிடம் கடன்பட்டு, அறுவடை முடிந்தும் கடன் முடியாத பண்ணையாளாகவே பெரும்பாலார் ஆனார்கள். முதலில் வயிற்றைக் கட்டினார்கள். பிறகு கையைக் கட்டினார்கள். 1890-ல் மிசிசிப்பியில் தொடங்கி, தலைவரி என்றும் எழுத்துப் பரீட்சை என்றும் சொல்லி ஓட்டையும் மாகாணம் மாகாணமாகப் பறித்தார்கள். அது உண்மையாகத் திரும்ப 1965-ம் வருஷத்து ஓட்டுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "துவேஷி"யின் பேச்சைக் கேளாமல் "நிதானஸ்தர்"களின் பேச்சைக் கேட்டதற்கு அந்த மக்கள் கொடுத்த விலை நூறு வருஷம்!

மரணமும் மயானமும்

1868 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை ஜனாதிபதி ஜான்சன் மேல் குற்றம் சாட்டிற்று. ஸ்டீவன்ஸ் அப்போது நடக்கவும் முடியாமல், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர். தூக்கி வந்த வாலிபர்களைப் பார்த்து, "நீங்கள் செத்துப்போனால் என்னை யார் தூக்குவார்கள்?" என்று கேட்டதாகச் சொல்லுவார்கள். செனெட் சபையில் ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து ஜான்சன் தப்பித்துக்கொண்டார். ஆகஸ்ட் 11-ந் தேதி ஸ்டீவன்ஸ் தமது 76-வது வயதில் இறந்தார். சடலம் வாஷிங்டன் சட்டசபை மண்டபத்தில் வைக்கப்பட்டது. கறுப்புச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அவர் தொகுதியின் கட்சியாரோ செத்தவர் பெயரையே மறுபடி அபேட்சகராக நியமித்து மரியாதை செய்தார்கள்.

மரணப் படுக்கையில் கன்னியாஸ்திரிகள் அவருக்கு ஞானஸ்நானம் செய்வித்தார்கள். இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா, கடைசியில் கடவுள்தானே?" என்று யாராவது கிளம்பக்கூடும். ஸ்டீவன்ஸ் நாஸ்திகர் அல்ல. அவரை நாஸ்திகர் என்று நாம் உரிமை கொண்டாடவும் இல்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: அவர் தலையில் அன்று தெளித்த தண்ணீரால் எத்தனை அடிமை விடுதலையானான்? அவர் சபையில் போட்ட சண்டையால் எத்தனை அடிமை விடுதலையானான்? கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

கடைசியாக இரண்டு சங்கதிகள். முதலாவது, அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி ஏற்படுத்த அவர் உயிலில் ஏற்பாடு செய்தார். அதில் இனமோ மதமோ பார்த்து யாரையும் விலக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே வகுப்பில் படிப்பு. எல்லோருக்கும் ஒரே மேஜையில் சாப்பாடு. சேரன்மாதேவி குருகுலச் சங்கதியை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் பெருமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, லான்காஸ்டரின் பெரிய மயானங்களில் கறுப்பருக்கு இடமில்லை என்று விதி இருந்தபடியால், அவர் அவற்றில் புதைக்கப்பட மறுத்து, நிறம் பார்க்காத ஷ்ரைனர் மயானம் என்ற சிறிய இடத்தைத் தேர்ந்தெடுத்தார். தனிமையை விரும்பி அங்கே வரவில்லை, ஆயுள் முழுதும் பேசிய சமத்துவத்தைச் சாவிலும் காட்டவே வந்தேன் என்ற கருத்தைக் கல்லறையில் பொறிக்கவும் செய்தார். ஜாதிக்கொரு சுடுகாடு வைத்துக்கொண்டு, செத்தவன் போகும் பாதைக்கும் இன்றுவரை தகராறு நடக்கின்ற நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகின்ற நமக்கு வெட்கமாயிருக்கின்றது.

பட்டம் கொடுத்தவர்கள்

அவர் செத்த பிறகு சரித்திரம் எழுதும் உத்தியோகம் யார் கைக்குப் போயிற்று? கறுப்பனுக்கு ஓட்டுக் கொடுத்ததே பெரும் பிழை என்று எண்ணிய பண்டிதர்கள் கைக்குப் போயிற்று. 1915-ல் வந்த "ஒரு தேசத்தின் பிறப்பு" என்ற சினிமாப் படம், ஸ்டீவன்ஸைப் போலவே ஒரு நொண்டி அரசியல்வாதியை வில்லனாக்கி, முகமூடிக் கொலைகாரர்களை வீரர்களாக்கிக் காட்டிற்று. பின்னால் ஜனாதிபதியான கென்னடியும்கூட 1956-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவருடைய ஊனத்தைச் சொல்லி, வெறியர் என்ற தோரணையிலேயே எழுதினார். 1935-லேயே டுபாய்ஸ் என்ற கறுப்பு அறிஞர் ஒரு பெரிய நூல் எழுதி இந்தப் புரட்டை உடைத்துக் காட்டினார். ஆனால் பண்டிதர்களின் காதில் அது ஏற முப்பது வருஷம் பிடித்தது. இப்போது 2012-ல் வந்த லிங்கன் படத்தில் ஸ்டீவன்ஸை மனிதராகவே காட்டியிருக்கின்றார்கள். கல்லறைக்குப் போன பிறகு 144 வருஷம்!

நமக்கும் இந்தச் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீவன்ஸ் இறந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு, 1873-ல், பூனாவில் ஜோதிராவ் பூலே "குலாம்கிரி", அதாவது அடிமைத்தனம், என்ற தமது நூலை எழுதினார். அதை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? கறுப்பு அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு. தம் நாட்டுச் சூத்திரனும் பஞ்சமனும் கிடந்த இடத்திலிருந்து பார்த்தபோது, கடல் கடந்து நடந்த அந்தப் போர் தம் வீட்டுப் போராகவே அவருக்குத் தெரிந்தது.

ஆகவே தோழர்களே, இனிமேல் யாராவது உங்களைத் துவேஷி என்று சொன்னால் கோபப்படாதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதவை மூடியது யார்? எங்கள் உழைப்பில் விளைந்த நிலம் யார் பேரில் இருக்கின்றது? எங்கள் பிணத்துக்கு வழி மறிக்கின்றவன் யார்? இந்த மூன்றுக்கும் பதில் வரட்டும். அதற்குப் பிறகு துவேஷி யார் என்பதைச் சாவதானமாகத் தீர்மானித்துக்கொள்ளலாம்.